ஆறாம் முட்டையின் மேல்பக்கம்

இந்தக் காலத்து ஆட்களுக்கு எதுவும் இருக்கிறபடி இருந்தால் பிடிப்பதில்லை. தலைமுடி கறுப்பாக இருந்தால் செம்பட்டை அடிக்கிறார்கள், தானாக வெளுத்தால் கறுப்பு அடிக்கிறார்கள். நாயை வாங்கி அதற்குச் சட்டை தைக்கிறார்கள். அதெல்லாம்கூடத் தொலையட்டும். பாம்பு பழுப்பாக இருக்கிறதே, வெள்ளையாக இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஒருவன் உட்கார்ந்து ஏங்குவதை எங்கே போய்ச் சொல்வது? அதுவும் அந்த ஒருவன் சொந்த மகளின் புருஷனாகப் போய்விட்டால்?

முட்டைக்காரர் இப்படித்தான் தினமும் காலையில் ஹாலில் தன் கட்டிலில் உட்கார்ந்து, பின்னறைக் கதவை முறைத்தபடி பொருமிக்கொண்டிருப்பார். கோழிக்குஞ்சு பொரிப்பகத்தில் நாற்பத்தோரு வருஷம் முட்டைத் தட்டுகளோடு மல்லுக்கட்டியவர் என்பதால் வந்த பெயர் அது. வேலையை விட்டு ஏழு வருஷமாகியும் பெயர் அவரை விடவில்லை. மனைவி போன பிறகு மகள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். வீட்டில் இரண்டு அறை. ஒன்றில் மகளும் மாப்பிள்ளையும். இன்னொன்றான பின்னறையில் பதினான்கு மலைப்பாம்புகள். மாமனாருக்கு ஹால், தலைமாட்டில் ஃபிரிட்ஜ், கால்மாட்டில் செருப்பு வைக்கும் பெட்டி.

"பாம்புக்கு ஃபேன் இருக்கு, ஹீட்டர் இருக்கு. எனக்கு ஜன்னல்கூட இல்லை" என்று அவர் சொல்லாத நாள் கிடையாது.

மாப்பிள்ளை கெட்டவன் இல்லை. ஏசி, ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவன். குடிப்பதில்லை, கத்துவதில்லை. நான்கு வருஷத்துக்கு முன் யாரோ ஒருவனிடமிருந்து ஓர் ஆணும் பெண்ணுமாக இரண்டு மலைப்பாம்புகளை வாங்கி வந்தான். அதற்காகத் தன் பைக்கை விற்றான். இரண்டும் சாதாரணப் பழுப்பு. கையில் எடுத்தால் பந்துபோலச் சுருண்டுகொள்ளும் சிறு ஜாதி. அதில் என்ன விசேஷம் என்று கேட்டதற்கு அவன் சொன்ன பதிலை முட்டைக்காரர் இன்றுவரை ஜீரணிக்கவில்லை.

"வெளியே பழுப்புதான் மாமா. ஆனா ரெண்டுக்கும் உள்ள வெள்ளை ஒளிஞ்சிருக்கு. இப்படி ஒளிச்சு வெச்சிருக்கிற ரெண்டு சேர்ந்தா, நாலு குட்டிக்கு ஒண்ணு, உடம்பு முழுக்க வெள்ளையா, நடுவுல நடுவுல பழுப்புத் திட்டோட வரலாம்."

"வரலாமா, வருமா?"

"வரலாம்."

"ஒளிஞ்சிருக்குன்னு யாரு சொன்னா?"

"வித்தவர்தான்."

"அப்ப சரி. நாளைக்கு என் பழைய சட்டையைக் காட்டி, உள்ளுக்குள்ள இது பட்டு மாப்ளேன்னு சொல்றேன். வாங்கிக்கிறீங்களா?"

மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மாப்பிள்ளையும் சிரித்துவைத்தான்.

முதல் தடவை ஏழு குட்டி, எல்லாம் பழுப்பு. இரண்டாம் தடவை ஐந்து, அதுவும் பழுப்பு. நாலுக்கு ஒன்று என்பது சீட்டுக் குலுக்கிப் போடுகிற மாதிரி, வரிசையாக வராது என்று மாப்பிள்ளை விளக்கினான். "ஏமாத்தறவன் எல்லாம் இப்படித்தான் கணக்குச் சொல்லுவான்" என்றார் மாமனார். மூன்றாம் தடவை பெண் பாம்பு ஆறு முட்டை இட்டபோது மகளுக்கு ஐந்து மாதம். ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் அவள் தட்டை நகர்த்தி வைத்துவிட்டுத் தீர்ப்பு சொன்னாள்.

"இதுதான் கடைசி. இந்த ஆறும் பழுப்புன்னா அத்தனையையும் குடுத்துடணும். அந்த ரூம் அப்பாவுக்கு. அப்பா கட்டில் இருக்கிற இடத்துல தொட்டில்."

"ஒண்ணே ஒண்ணு வெள்ளையா வந்துட்டா?" என்றான் மாப்பிள்ளை.

"வந்தா அதுங்க இருக்கட்டும். நான் வாயைத் திறக்க மாட்டேன்."

"ஆறும் கூமுட்டையாப் போகட்டும். எனக்கு ஒரு ஜன்னல் கிடைக்கும்" என்று முட்டைக்காரர் சத்தமாகச் சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தார். மகள் சிரித்தாள். மாப்பிள்ளை அன்றைக்குச் சிரிக்கவில்லை. அந்தப் பேச்சு பின்னால் தன் கழுத்தையே பிடிக்கும் என்று அப்போது அவருக்குத் தெரியாது.

முட்டைகள் இருந்தது பின்னறையில், ஒரு செத்துப்போன ஃபிரிட்ஜுக்குள். குளிரூட்டும் பாகங்களைக் கழற்றிவிட்டு, உள்ளே சூடு தரும் வயரைச் சுற்றி, வெளியே சிவப்பு எண் காட்டும் ஒரு கருவியை மாட்டியிருந்தான் மாப்பிள்ளை. எண் எப்போதும் முப்பத்தொன்றரை டிகிரியில் நிற்க வேண்டும். உள்ளே ஒரு பிளாஸ்டிக் டப்பா. அதில் ஈரம் பிடித்த தேங்காய்நார்த் துகள்மேல் ஆறு முட்டைகள், இரண்டு வரிசையாக. கோழி முட்டை மாதிரி ஓடு கிடையாது. நனைந்த தோல் மாதிரி இருக்கும். ஒவ்வொன்றின் உச்சியிலும் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி.

முப்பத்து மூன்றாம் நாள், வெளியூரில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் இயந்திரம் படுத்துவிட்டது என்று மாப்பிள்ளைக்கு அழைப்பு வந்தது. ஐந்து நாள் வேலை. மகளுக்குப் பாம்பறை வாடை ஆகவில்லை, அருகில் போனாலே குமட்டியது. மிச்சமிருந்தது ஒருவர்தான்.

"தினமும் ஒரு தடவை டப்பா மூடியைத் திறந்து காத்து விட்டு மூடுங்க மாமா. எண்ணைப் பாருங்க. அவ்வளவுதான். தொட வேண்டாம்."

"நாற்பத்தோரு வருஷம்..."

"அதான் சொல்றேன். இது கோழி முட்டை இல்ல. திருப்பவே கூடாது. இட்டபோது எப்படிக் கிடந்துச்சோ அப்படியே கிடக்கணும். குட்டி மேல்பக்கமா ஒட்டிட்டு வளரும். புரட்டிட்டா மஞ்சக்கரு அது மேல உக்காந்து அமுக்கிடும். அதுக்குத்தான் இந்தக் குறி."

முட்டைக்காரருக்கு அதுவும் நம்பிக்கையில்லை. திருப்பாமல் விட்டால் குஞ்சு ஓட்டில் ஒட்டிக்கொண்டு சாகும் என்பது அவர் கைகளுக்குத் தெரிந்த ஒரே வேதம். பொரிப்பகத்தில் ஒரு புதிய ஆள் ஒரு தட்டைத் திருப்ப மறந்து, முந்நூறு முட்டை ஒரே நாளில் நாறிப்போனதை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். இருந்தாலும் சரி என்று தலையை ஆட்டினார். வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான்.

முதல் இரண்டு நாள் ஒழுங்காகப் போயிற்று. மூன்றாம் நாள் காலை மூடியைத் திறந்தபோது ஓரத்தில் இருந்த ஆறாவது முட்டையின்மேல் சாம்பல் நிறத்தில் ஒரு பூசணம் படர்ந்திருந்தது. காசு அகலம் இருக்கும். பூசணத்தைக் கண்டால் துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் பக்கத்து முட்டைக்குத் தொற்றும். இதை அவர் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் மாப்பிள்ளைக்குப் போன் போட்டிருப்பார். கை தன் பாட்டுக்கு உள்ளே போயிற்று. முட்டையை எடுத்தது. தோளில் கிடந்த துண்டின் நுனியை நனைத்தது. உள்ளங்கையில் வைத்து, பொரிப்பகத்தில் செய்கிற மாதிரியே, இந்தப் பக்கம் ஓர் உருட்டு, அந்தப் பக்கம் ஓர் உருட்டு, சுத்தமாகத் துடைத்தது. டப்பாவில் திரும்ப வைக்கும்போதுதான் மற்ற ஐந்து முட்டைகளின் குறிகள் அவரைப் பார்த்தன.

ஆறாவதில் குறி இல்லை. துண்டின் நுனியில் பென்சில் கறை.

முட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்படிப் பார்ப்பதே புரட்டுவதுதான் என்று உறைத்ததும் அப்படியே உறைந்து நின்றார். எது மேல்? எது கீழ்? எல்லாப் பக்கமும் ஒரே வெள்ளையாக, ஒரே மெத்தென்று இருந்தது. வெளியே மகளின் காலடி கேட்டது.

"என்னப்பா இவ்வளவு நேரம்?"

"எண்ணைப் பாத்துட்டு இருக்கேன்!"

முட்டையை அதன் குழியில் வைத்தார். மேஜையில் மாப்பிள்ளையின் பென்சில் கிடந்தது. அதை எடுத்து, மேலே தெரிந்த பக்கத்தில், மற்ற ஐந்தும் எப்படியோ அப்படியே ஒரு பெருக்கல் குறி போட்டார். அவசரத்தில் ஒரு கோடு கொஞ்சம் வளைந்துவிட்டது. மூடியை மூடினார். ஃபிரிட்ஜ் கதவை மூடினார். எண் முப்பத்தொன்றரையில்தான் நின்றது. அதற்கென்ன, மெஷினுக்கு ஒன்றும் தெரியாது.

அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

உண்மையைச் சொல்லிவிட்டால் ஆயிற்று. எத்தனையோ தடவை வாய்வரை வந்தது. ஆனால் சொன்னால் அவன் என்ன நினைப்பான்? ஆறும் கூமுட்டையாகட்டும் என்று மேஜையில் உட்கார்ந்து சொன்னவர் அவர். அறை யாருக்குக் கிடைக்கப் போகிறது? அவருக்கு. நாற்பத்தோரு வருஷம் முட்டை பார்த்த ஆள் குறியைத் தெரியாமல் அழித்துவிட்டேன் என்றால் எந்த மடையன் நம்புவான்? அவரே அந்த இடத்தில் இருந்தால் நம்பமாட்டார். அவர் யாரைத்தான் நம்பியிருக்கிறார்! சொல்லாவிட்டாலோ, உள்ளே ஓர் உயிர் தலைகீழாகக் கிடந்து மூச்சுமுட்டுகிறது. பாம்போ பல்லியோ, முட்டைக்குள் இருக்கும்வரை அது அவர் பொறுப்பு. கையில் எடுத்த முட்டையை இதுவரை அவர் சாகவிட்டதில்லை.

மாப்பிள்ளை திரும்பி வந்ததும் நேரே பின்னறைக்குப் போனான். முட்டைக்காரர் கட்டிலில் உட்கார்ந்து ஃபிரிட்ஜ் கதவு திறக்கும் சத்தத்தைக் கேட்டார். மூடி திறக்கும் சத்தம். பிறகு ஒன்றுமே இல்லை.

"சூப்பரா பாத்துக்கிட்டீங்க மாமா! ரொம்ப தேங்க்ஸ்."

முட்டைக்காரர் அந்த நன்றியை வாங்கிக்கொள்ள நிற்கவில்லை. ஏதோ ஒரு சாக்கில் எழுந்து கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மூன்று வாரம் இப்படியே போயிற்று. அவர் பொருமுவதை நிறுத்தியிருந்தார். ஜன்னலைப் பற்றிப் பேச்சில்லை. விடிந்ததும் தானே போய் எண்ணைப் பார்த்துவிட்டு வருவார். மகள் கவலைப்பட்டாள். "அப்பா, உடம்பு ஏதாவது பண்ணுதா? நீங்க திட்டி எத்தனை நாளாச்சு!" மாப்பிள்ளையோ வேறு மாதிரி எடுத்துக்கொண்டான். "மாமாவுக்கும் ஆசை வந்துடுச்சு. ஒத்துக்க மாட்டேங்கிறார்" என்று கண்ணடித்தான். முட்டைக்காரர் சுவரைப் பார்த்தார்.

ஐம்பத்தெட்டாம் நாள் காலையில் முதல் முட்டையின் தோலில் ஒரு கீறல் விழுந்தது. அதில் ஒரு சின்ன மூக்கு. மாப்பிள்ளை வேலைக்கு லீவு சொன்னான். மத்தியானத்துக்குள் இரண்டாவது, மூன்றாவது. சாயங்காலம் நான்காவதும் ஐந்தாவதும். கிழித்த வாய்கள் வழியாக உடம்புகள் தெரிந்தன. பழுப்பு. பழுப்பு. ஐந்தும் பழுப்பு. மாப்பிள்ளை ஒவ்வொன்றாக டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு டப்பாவை மூடினான். ஆறாவது அசையவில்லை.

மறுநாளும் அசையவில்லை. தோல் கொஞ்சம் உள்வாங்கியிருந்தது. காலை பத்து மணிக்கு மாப்பிள்ளை கையைக் கழுவிக்கொண்டு, நுனி வளைந்த சின்னக் கத்தரிக்கோலைச் சுடுதண்ணீரில் போட்டு எடுத்தான். மகள் மூக்கில் துப்பட்டாவை வைத்தபடி வாசற்படியில் நின்றாள்.

"என்ன பண்ணப் போறீங்க?" என்றார் முட்டைக்காரர்.

"வெட்டித் திறக்கணும் மாமா. சில குட்டிக்குக் கிழிக்கத் தெம்பு இருக்காது. உச்சியில காத்து இருக்கிற இடத்துல சின்னதா வெட்டினா தானா மூக்கை நீட்டும்."

"உச்சின்னா..."

"குறி இருக்குல்ல? அங்கதான். வேற இடத்துல வெட்டினா ரத்தக்குழாய் அறுந்துடும். அப்புறம் ரெண்டு நிமிஷம்கூடத் தாங்காது."

கத்தரிக்கோலின் நுனி அந்த வளைந்த கோட்டின்மேல் போய் உட்கார்ந்தது.

"வெட்டாதே!"

மாப்பிள்ளை திடுக்கிட்டுத் திரும்பினான். மாமனார் அவனிடம் ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை.

"அது உச்சி இல்ல. அந்தக் குறி நான் போட்டது."

அவர் சொன்னார். பூசணம், துண்டு, உருட்டு, பென்சில் எல்லாம் சொன்னார். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. சொல்லி முடித்தபோது மாப்பிள்ளையின் காது மடல் சிவந்திருந்தது.

"மூணு வாரமா?"

"மூணு வாரமா."

"மூணு வாரமா என்கூட உக்காந்து சாப்பிட்டீங்க."

"சாப்பிடலை. உன் பொண்டாட்டியைக் கேளு."

"ஒரு போன் போட்டிருந்தா, ரெண்டு நிமிஷத்துல..." அவன் கத்தரிக்கோலை மேஜையில் வைத்தான். "வேணும்னே பண்ணினீங்களா? உங்களுக்கு ரூம் வேணும்னா கேட்டிருக்கலாமே மாமா."

எதற்குப் பயந்தாரோ அது வந்துவிட்டது. வந்த பிறகு அவ்வளவு பயமாக இல்லை. "வேணும்னு பண்ற ஆள் இப்ப வாயைத் திறப்பானா? நீ வெட்டியிருப்பே, அது செத்திருக்கும், நான் நாளைக்குக் கட்டிலைத் தூக்கி உள்ள போட்டிருப்பேன்."

மகள் குறுக்கிட்டாள்: "சண்டையை அப்புறம் போடுங்க. உள்ள உயிர் இருக்கா இல்லையா? அதைப் பாருங்க முதல்ல."

"உன் போன்ல லைட் இருக்கு இல்ல? குடு. ஜன்னல்ல போர்வையை மாட்டு" என்று மாப்பிள்ளையிடம் சொன்னார் முட்டைக்காரர்.

"மாமா, இனிமே அதைத் தொடாதீங்க."

"நான் தொடலை. நீ பிடி. நான் பாக்குறேன். வெளிச்சத்தை வெச்சு முட்டைக்குள்ள பாக்குறதுக்குத்தான் எனக்குச் சம்பளம் குடுத்தாங்க."

பட்டப்பகலில் அறை இருட்டாயிற்று. மாப்பிள்ளை முட்டையை நகர்த்தாமல், அதன் பக்கவாட்டில் போன் வெளிச்சத்தை ஒட்டவைத்தான். முட்டை உள்ளிருந்து ஆரஞ்சு நிறத்தில் எரிந்தது. முட்டைக்காரர் மண்டியிட்டு, மூக்கு முட்டுகிற தூரத்தில் முகத்தை வைத்தார். கோழி முட்டை மாதிரி தெளிவாக இல்லை. பெரும்பகுதி கருகருவென்று இருந்தது. அதைச் சுற்றிக் கிளை கிளையாகச் சிவப்பு நரம்பு. பென்சில் குறிக்கு நேர் கீழே நரம்பு தடித்து ஓடியது.

"அங்க வெட்டியிருந்தா முடிஞ்சிருக்கும்" என்றார். "கொஞ்சம் இடப்பக்கம் கொண்டா. இன்னும். நிறுத்து."

"என்ன?"

"அசையுது."

"நிஜமாவா?"

"இல்ல, பொய் சொல்றேன், வேலையில்ல பாரு எனக்கு. அசையுதுய்யா!"

குறியிலிருந்து மூன்று விரற்கடை தள்ளி, சுவர்ப்பக்கமாக, நரம்பே இல்லாமல் நகக்கண் அளவுக்கு வெளிறிய ஓர் இடம் இருந்தது. காற்று அங்கேதான். அவர் பென்சிலைக் கேட்டார். மாப்பிள்ளை ஒரு கணம் யோசித்துவிட்டுக் கொடுத்தான். இந்தத் தடவை கோடு வளையவில்லை.

போர்வையை எடுத்தார்கள். கத்தரிக்கோல் மெதுவாக இறங்கியது. முட்டைக்காரர் பார்க்கவில்லை, தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ரத்தம் இல்லை" என்று மாப்பிள்ளை முணுமுணுத்தான். பிறகு நீண்ட நேரம் எதுவுமே நடக்கவில்லை. வெட்டின வாயில் கண்ணாடி மாதிரி ஒரு திரவம் தளும்பியது. ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். மகள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். குமட்டலை மறந்துவிட்டாள் போலிருக்கிறது.

திரவம் ஒருமுறை நடுங்கியது. ஒரு மூக்கு வந்தது. பிறகு கட்டைவிரல் நகம் அளவுக்குத் தலை. நாக்கு ஒரு தடவை வெளியே வந்து போயிற்று.

தலை பழுப்பு.

மாப்பிள்ளை மூச்சை விட்டான். "உயிரோட இருக்கு. அது போதும்." அவன் சொன்ன விதத்தில் போதவில்லை என்று தெரிந்தது. மகள் எழுந்து வந்து அவன் தோளில் கை வைத்தாள். முட்டைக்காரருக்கு ஜன்னல் ஞாபகம் வந்தது. சந்தோஷம் வரவில்லை, அதுதான் அவருக்கே ஆச்சரியம்.

அப்போது தலை இன்னும் கொஞ்சம் மேலே ஏறியது. கழுத்து வெளியே வந்தது. கழுத்துக்குக் கீழே பழுப்பு அறுத்துவிட்ட மாதிரி நின்றுபோயிருந்தது. அதன்பின் வெள்ளை. பால் வெள்ளை. வெட்டுவாய் வழியாக உள்ளே தெரிந்த சுருளில் வெள்ளைதான். நடுவில் எங்கோ ஒரு பழுப்புத் திட்டு, மறுபடி வெள்ளை.

மாப்பிள்ளை கத்தரிக்கோலைக் கீழே வைத்தான். திரும்பி மாமனாரை அப்படியே கட்டிக்கொண்டான். முட்டைக்காரர் கட்டை மாதிரி நின்றார். அவரை யாராவது கட்டிக்கொண்டு பல வருஷமாகியிருந்தது.

"ஒளிஞ்சிருந்துச்சு மாமா! ரெண்டுக்குள்ளயும் இருந்துச்சு! வித்தவர் பொய் சொல்லலை!"

"விடு, விடு. மூச்சு முட்டுது." அவர் விலகி, குனிந்து, அந்தக் குட்டியை உற்றுப் பார்த்தார். தலையைப் பார்த்தார். கழுத்தைப் பார்த்தார். முகத்தில் மூன்று வாரமாகக் காணாமல்போயிருந்த பழைய கடுகடுப்பு மெல்லத் திரும்பி வந்தது.

"ஒளிஞ்சும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல" என்றார்.

"என்ன மாமா?"

"அஞ்சு முட்டை ஒழுங்காக் கிடந்துச்சு. அஞ்சும் பழுப்பு. ஒண்ணை நான் புரட்டினேன். மூணு வாரம் தலைகீழாக் கிடந்துச்சு. நிறம் எல்லாம் தலைக்கு இறங்கிடுச்சு. அதான் தலை மட்டும் பழுப்பு. பாதி வழியில தேங்கினதுதான் அந்தத் திட்டு."

"அப்படியெல்லாம் ஆகாது மாமா! அம்மாகிட்டேயிருந்து ஒண்ணு, அப்பாகிட்டேயிருந்து ஒண்ணு, ரெண்டும் சேர்ந்தாத்தான்..."

"உங்க கணக்குப்படி முதல் ரெண்டு தடவையே வந்திருக்கணும். வந்துச்சா? என் கை பட்டதுக்கு அப்புறம்தானே வந்துச்சு?"

"அது சீட்டுக் குலுக்குற மாதிரின்னு சொன்னேனே!"

"சொன்னீங்க, சொன்னீங்க." மரியாதை திரும்பியிருந்தது.

மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு சட்டென்று நிறுத்தி, "அப்பா, அப்ப ரூம்..." என்றாள்.

"நீ வாக்குக் குடுத்தே. வாயைத் திறக்க மாட்டேன்னு சொன்னே. திறக்காதே." அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். அதன் நுனியில், துவைத்தும் போகாமல், பென்சில் கறை இன்னும் மங்கலாக இருந்தது. "அது முழுசா வெளியே வர எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஒரு நாள் ஆகலாம். ரெண்டு நாளும் ஆகலாம். மஞ்சக்கருவை இழுத்துட்டுத்தான் வரும். அதுவரைக்கும் ஒண்ணும் சொல்ல முடியாது."

"அப்ப இப்பவே குதிக்காதீங்க. பாத்துக்குங்க. தொடாதீங்க."

மாப்பிள்ளை இன்னும் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தான். நாலுக்கு ஒன்று, தாயிடம் ஒன்று, தகப்பனிடம் ஒன்று என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தான். முட்டைக்காரர் நின்று கேட்கவில்லை. தலைகீழாக் கிடந்தா தலைக்குத்தானே இறங்கும், இதுகூடத் தெரியாதா என்று முனகியபடி, செருப்புப் பெட்டியைத் தாண்டி, ஹாலில் ஃபிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த தன் கட்டிலைப் பார்த்து நடந்தார்.